எதிரணி குறுக்கே ஏலம் கேட்டால்: பிரிட்ஜ் பழகுபவர்களுக்கு

பிரிட்ஜ் சீட்டாட்டம் பழகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோரும் திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. கூட்டாளி 'ஒரு டைமன்' என்று ஏலத்தைத் தொடங்குகிறார். உங்கள் கையில் நான்கு ஆர்ட்டின், எட்டுப் புள்ளி. 'ஒரு ஆர்ட்டின்' என்று சொல்லத் தயாராக இருக்கிறீர்கள். அதற்குள் இடையில் உட்கார்ந்திருக்கும் எதிராளி 'ஒரு இஸ்பேட்' என்று கேட்டுவிடுகிறார். இஸ்பேட் ஆர்ட்டினைவிட உயர்ந்த வகை. ஆகவே நீங்கள் சொல்ல நினைத்தது இனிச் செல்லாது. இப்படி ஓர் அணி தொடங்கிய ஏலத்தில் மற்ற அணி குறுக்கே வந்து கேட்பதற்குத்தான் ஓவர்கால் என்று பெயர்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மேசைக்குப் பழக வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் 'பாஸ்' சொல்லிவிட்டுக் கையை மூடிக்கொள்வார்கள். கடலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு தம்பி அதை வாய்விட்டே கேட்டார்: "அக்கா, என் இடத்தை அவர் எடுத்துக்கொண்டுவிட்டாரே. இனி நான் சொல்ல என்ன இருக்கிறது?"

நிறையவே இருக்கிறது. ஓவர்கால் உங்கள் இடத்தில் கொஞ்சத்தைப் பறிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதே நேரத்தில் அது உங்களை ஒரு கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறது. அதற்கு முன் உங்களிடம் இல்லாத இரண்டு சொற்களையும் கையில் தருகிறது. ஒன்று டபுள், மற்றொன்று எதிராளி கேட்ட வகையையே நீங்களும் கேட்பது. இதைப் புரிந்துகொண்டவருக்கு எதிரணியின் குறுக்கீடு பல நேரங்களில் உதவியாகவே முடியும்.

நம் பக்கத்தில் பலரும் இருபத்தெட்டு ஆடிவிட்டுத்தான் பிரிட்ஜுக்கு வருகிறார்கள். அங்கே ஜாக்கிக்குத்தான் முதலிடம், துருப்பு கவிழ்ந்து கிடக்கும். ஏலத்தில் கேட்பது பெரும்பாலும் ஓர் எண். பிரிட்ஜில் ஏஸ்தான் தலை. ஏலம் முழுவதும் திறந்த பேச்சு. ஒவ்வொரு ஏலக் கேள்வியும் கூட்டாளிக்குச் சொல்லும் செய்தி. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் கட்டில் மொத்தம் 40 புள்ளி. வகைகளின் ஏறுவரிசை கிளாவர், டைமன், ஆர்ட்டின், இஸ்பேட். அதற்கும் மேலே துருப்பே இல்லாத நோ டிரம்ப். 'ஒரு' என்று கேட்டால் ஆறுக்கு மேல் ஒன்று, அதாவது ஏழு பிடி எடுப்பதாக ஒப்பந்தம். ஆர்ட்டினும் இஸ்பேட்டும் பிடிக்கு 30 மதிப்பெண் தரும் மேல் வகைகள். கிளாவரும் டைமனும் 20 தரும் கீழ் வகைகள். மேல் வகை ஒன்றில் இரு கைகளிலும் சேர்த்து எட்டுச் சீட்டு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் ஏலத்தின் முதல் தேடல். கூட்டாளி மேல் வகையில் தொடங்கினால் அவரிடம் அதில் குறைந்தது ஐந்து சீட்டு என்ற பரவலான முறையைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தக் கட்டாயம் தளர்வதைப் பார்ப்போம். எதிராளி பாஸ் சொல்லியிருந்தால் ஆறு புள்ளி வைத்திருக்கும் நீங்கள் வாய் திறந்தே ஆக வேண்டும். ஏனென்றால் நீங்களும் பாஸ் சொல்லி, அடுத்தவரும் பாஸ் சொன்னால் ஏலம் அங்கேயே முடிந்துவிடும். கூட்டாளியிடம் பெரிய கை இருந்தால் அது வீணாகும். ஓவர்கால் வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. நீங்கள் பாஸ் சொன்னாலும் ஏலம் கூட்டாளியிடம் நிச்சயம் திரும்பி வரும். ஆகவே ஆறு, ஏழு புள்ளியுடன் சொல்வதற்கு ஒன்றும் இல்லாத கையில் பாஸ் சொல்வது தவறே இல்லை. இதனால் நீங்கள் சொல்லும் எந்தக் கேள்விக்கும் எடை கூடுகிறது. 'இவர் விரும்பித்தான் பேசியிருக்கிறார்' என்று கூட்டாளி நம்பலாம்.

அடுத்தது, கூட்டாளியின் வகைக்கு உங்களிடம் ஆதரவு இருக்கிறதா என்பது. அவர் 'ஒரு ஆர்ட்டின்' என்று தொடங்கி, எதிராளி 'ஒரு இஸ்பேட்' என்று குறுக்கிட்டு, உங்களிடம் மூன்று ஆர்ட்டினும் ஆறிலிருந்து ஒன்பது புள்ளியும் இருந்தால் தயங்காமல் 'இரண்டு ஆர்ட்டின்' சொல்லுங்கள். எட்டுச் சீட்டுப் பொருத்தம் கண்டாகிவிட்டது. அதை மறைத்து வைப்பதில் லாபம் இல்லை.

நான்கு ஆர்ட்டின் இருந்து புள்ளி குறைவாக இருந்தால் இன்னும் துணியலாம். இஸ்பேட்டில் 8, 3. ஆர்ட்டினில் ராஜா, 9, 7, 4. டைமனில் 6 மட்டும். கிளாவரில் ஜாக்கி, 10, 8, 5, 3, 2. மொத்தம் நான்கே புள்ளி. இந்தக் கையில் நான் நேராக 'மூன்று ஆர்ட்டின்' கேட்பேன். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது அச்சமூட்டும். இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி 1969-இல் வெளிவந்த கட்டுரை வழியாக உலகமெங்கும் பரவிய கணக்கு அது. இரு அணிகளும் தத்தம் சிறந்த துருப்பில் ஆடினால் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை, இரு அணிகளின் துருப்புச் சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும் என்பது அவர் கண்டது. நடைமுறையில் இதைச் சுருக்கிச் சொன்னால், ஒன்பது துருப்பு இருக்கும் அணி ஒன்பது பிடி வரை, அதாவது மூன்றாம் படி வரை, கேட்கத் துணியலாம். கூட்டாளியின் ஐந்தும் உங்கள் நான்கும் சேர்ந்து ஒன்பது. ஒப்பந்தம் ஒரு பிடியில் தோற்றாலும், எதிரணியை நிம்மதியாக இஸ்பேட்டில் ஆட விட்டிருந்தால் போயிருக்கக்கூடிய மதிப்பெண்ணைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எதிரணி இனிப் பேச வேண்டுமானால் மூன்று இஸ்பேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் இடத்தைப் பறித்தவர்களிடமிருந்து நாமும் பறிக்கிறோம்.

அப்படியானால் நல்ல கையுடன் நான்கு ஆர்ட்டின் இருந்தால் என்ன சொல்வது? இங்கேதான் எதிராளியின் வகை நமக்குப் பயன்படுகிறது. இஸ்பேட்டில் 8, 3. ஆர்ட்டினில் ராஜா, 9, 7, 4. டைமனில் ஏஸ், ராணி, 6, 2. கிளாவரில் ஜாக்கி, 10, 5. பத்துப் புள்ளி. இந்தக் கையில் 'இரண்டு இஸ்பேட்' கேளுங்கள். எதிராளி காட்டிய இஸ்பேட்டில் ஆட உங்களுக்கு ஆசை இருக்க முடியாது என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தக் கேள்வி வேறொரு பொருளைச் சுமக்கிறது: 'உங்கள் வகைக்கு நல்ல ஆதரவு உண்டு, பத்துப் புள்ளிக்குக் குறையாது.' இதற்குக் க்யூ பிட் என்று பெயர். கூட்டாளியின் கை சுமார் என்றால் 'மூன்று ஆர்ட்டின்' என்று நிறுத்துவார். நல்லதென்றால் நான்குக்குப் போவார். நேராக மூன்றுக்குத் தாவுவது பலவீனத்தையும், க்யூ பிட் பலத்தையும் காட்டும் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. தாவலைப் பலமாகவே வைத்து ஆடும் பழைய முறையும் உண்டு. மேசையில் உட்காரும் முன் எது என்று கூட்டாளியிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆதரவு இல்லை, சொந்தமாக ஒரு நீண்ட வகை இருக்கிறது என்றால், எந்தப் படியில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். முதல் படியிலேயே இடம் இருந்தால் ஆறு புள்ளி போதும். இரண்டாம் படிக்கு ஏற வேண்டும் என்றால் ஐந்து சீட்டும் பத்துப் புள்ளியும் வேண்டும். கூட்டாளி மறுபடி பேசியே ஆக வேண்டும் என்பதும் அதில் அடக்கம். இந்த வரம்பை இளகவிடாதீர்கள். இரண்டாம் படியில் புது வகை கேட்டவரிடம் ஏழே புள்ளி இருந்தால், அவரை நம்பிக் கூட்டாளி எடுக்கும் அடுத்த முடிவு தவறாகிப்போகும்.

இப்போது முதலில் சொன்ன கைக்கு வருவோம். அதை முழுவதுமாக விரித்து வைக்கிறேன். இஸ்பேட்டில் 7, 4. ஆர்ட்டினில் ராஜா, ஜாக்கி, 8, 5. டைமனில் ராணி, 6, 3. கிளாவரில் ராணி, 9, 7, 4. எட்டுப் புள்ளி. கூட்டாளி ஒரு டைமன், எதிராளி ஒரு இஸ்பேட். 'இரண்டு ஆர்ட்டின்' சொல்ல ஐந்து சீட்டும் இல்லை, பத்துப் புள்ளியும் இல்லை. 'ஒரு நோ டிரம்ப்' சொல்ல இஸ்பேட்டைத் தடுக்கும் சீட்டு இல்லை. 'இரண்டு டைமன்' சொல்லலாம் என்றால், கூட்டாளியிடம் நான்கு ஆர்ட்டின் இருந்தாலும் அது வெளியே வராமலே போகும். பாஸ் சொல்லவோ மனம் வராது.

இந்தக் கைக்காகவே பிறந்தது நெகட்டிவ் டபுள். அதற்கு முன்னெல்லாம் எதிராளியின் ஓவர்காலுக்கு டபுள் சொன்னால் 'உங்களைத் தோற்கடித்து இரட்டிப்பு அபராதம் வாங்குவேன்' என்றுதான் பொருள். ஆனால் ஒன்றாம் படியில் கேட்கும் எதிராளியை அப்படி அடிக்கும் கை எவ்வளவு அரிதாக வரும்! ஆர்ட்டின் நான்கு வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நிற்கும் கையோ ஒவ்வொரு அமர்விலும் வரும். அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஆல்வின் ராத், டொபியாஸ் ஸ்டோன் இருவரும் 1957-இல் இதைத் தலைகீழாக மாற்றினார்கள். அரிதான பொருளைக் கைவிட்டு, அடிக்கடி தேவைப்படும் பொருளை டபுளுக்குக் கொடுத்தார்கள்: 'இன்னும் யாரும் கேட்காத மேல் வகையில் என்னிடம் நான்கு சீட்டு இருக்கிறது, பேசும் அளவுக்குப் புள்ளியும் இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்.' அந்த ஆண்டு அக்டோபரில்தான் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியிருந்தது. உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் இந்தப் புது உத்திக்கும் ஸ்புட்னிக் டபுள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிரிட்ஜ் ஏலத்தில் வந்த மாற்றங்களில் தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு இவ்வளவு உடனடியாகப் பயன் தருவது வேறொன்று இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த ஏலத்தில் எந்த வகை என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும். கூட்டாளி கீழ் வகையில் தொடங்கி எதிராளி 'ஒரு இஸ்பேட்' கேட்டால், டபுள் நான்கு ஆர்ட்டினைக் காட்டும். ஐந்து ஆர்ட்டின் இருந்தும் பத்துப் புள்ளி இல்லையென்றாலும் டபுள்தான். எதிராளி 'ஒரு ஆர்ட்டின்' கேட்டால் நிலைமை இன்னும் அழகானது. 'ஒரு இஸ்பேட்' சொல்ல இடம் இருக்கிறது, டபுளும் இருக்கிறது. ஆகவே டபுள் என்றால் சரியாக நான்கு இஸ்பேட், 'ஒரு இஸ்பேட்' என்றால் ஐந்தோ அதற்கு மேலோ. எதிராளி பாஸ் சொல்லியிருந்தால் இந்த வேறுபாட்டைக் காட்ட உங்களுக்கு வழியே இருந்திருக்காது. கூட்டாளியின் ஒரு கிளாவருக்கு எதிராளி 'ஒரு டைமன்' என்றால், டபுள் இரண்டு மேல் வகைகளிலும் நான்கு நான்கு இருப்பதைச் சொல்லும். கூட்டாளி ஆர்ட்டின், எதிராளி இஸ்பேட் என்று இரு மேல் வகைகளும் தீர்ந்துவிட்டால், டபுள் கிளாவரையும் டைமனையும் காட்டும்.

படி ஏற ஏறப் புள்ளியும் ஏற வேண்டும். முதல் படியில் ஆறு போதும். எதிராளி இரண்டாம் படியில் கேட்டிருந்தால் குறைந்தது எட்டு வேண்டும். மூன்றாம் படியில் பத்து. புள்ளிக்கு மேல்வரம்பு கிடையாது. பதினைந்து புள்ளியுடனும் முதலில் டபுள் சொல்லிவிட்டுப் பிறகு பலத்தைக் காட்டலாம். எந்தப் படி வரை டபுளுக்கு இந்தப் பொருள் என்பதைக் கூட்டாளியுடன் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். புதியவர்கள் இரண்டு இஸ்பேட் வரை என்று வைத்துக்கொண்டால் போதும்.

நீங்கள் சொன்ன டபுளைக் காதில் வாங்கிய கூட்டாளி என்ன செய்வார்? அவரிடம் இஸ்பேட்டில் ஏஸ், 8, 3. ஆர்ட்டினில் ஏஸ், 10, 7, 2. டைமனில் ராஜா, ஜாக்கி, 10, 5, 4. கிளாவரில் 6 மட்டும் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு புள்ளி. நீங்கள் 'ஒரு ஆர்ட்டின்' என்று வாயால் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொள்வார். சாதாரணக் கை என்பதால் 'இரண்டு ஆர்ட்டின்' என்று முடிப்பார். இரு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏஸும் ராஜாவும் ஜாக்கியும் பத்தும் கொண்ட எட்டு ஆர்ட்டின், டைமனில் ஓடக்கூடிய ஐந்து சீட்டு, இஸ்பேட்டில் ஏஸ். நல்ல ஒப்பந்தம். டபுள் இல்லாவிட்டால் இதே இரு கைகளும் இரண்டு டைமனில் போய் நின்றிருக்கும். கூட்டாளிக்கு இன்னும் பலம் இருந்தால் 'மூன்று ஆர்ட்டின்' என்று அழைப்பு விடுவார். மிகப் பலமென்றால் நேராக நான்கு. ஆர்ட்டின் நான்கு இல்லையென்றால் நோ டிரம்ப், தன் வகையை மறுபடி சொல்வது, அல்லது மற்றொரு கீழ் வகை. சாதாரணமாக அவர் பாஸ் சொல்லக் கூடாது.

எங்கள் மேசைக்கு வரும் பெரியவர் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டத்தைப் பிரெஞ்சிலேயே கற்றவர் என்பதால் இஸ்பேட்டை 'பீக்' என்றுதான் சொல்வார், டபுளை 'கோந்த்ர்' என்பார். எந்தப் பெயரில் சொன்னாலும் குரல் மட்டும் எப்போதும் ஒரே சீராக இருக்கும். அதை எல்லோரும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். டபுளை அழுத்திச் சொன்னால் அபராதம், மெதுவாகச் சொன்னால் நெகட்டிவ் என்று குரலால் குறிப்புக் கொடுப்பது விதிக்குப் புறம்பானது. நீண்ட நேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொல்வதும் கூட்டாளிக்கு ஒரு சேதியைக் கடத்திவிடும். அந்தச் சேதியைக் கூட்டாளி பயன்படுத்தக் கூடாது. போட்டிகளில் வாயால் சொல்லாமல் ஏலப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வைப்பது இதற்காகத்தான். பாஸுக்குப் பச்சை அட்டை, டபுளுக்குச் சிவப்பு. வீட்டு மேசையிலும் அந்தப் பெட்டியைப் பழகிக்கொள்வது நல்லது.

நோ டிரம்ப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிராளியின் வகையில் உங்களிடம் தடுப்பு இருக்க வேண்டும்: ஏஸ், அல்லது ராஜாவுடன் இன்னொன்று, அல்லது ராணியுடன் இரண்டு, அல்லது ஜாக்கியுடன் மூன்று. தடுப்புடன் எட்டிலிருந்து பத்துப் புள்ளி என்றால் 'ஒரு நோ டிரம்ப்'. பதினொன்று, பன்னிரண்டு என்றால் இரண்டு. பதின்மூன்றோ அதற்கு மேலோ என்றால் மூன்று. தடுப்பு இல்லாமல் எத்தனை புள்ளி இருந்தாலும் நோ டிரம்ப் கேட்காதீர்கள்.

இனி ஒரு நியாயமான கேள்வி மிச்சம் இருக்கிறது. டபுளை இப்படி மாற்றிவிட்டால், உண்மையிலேயே எதிராளியை அடிக்கும் கை வந்தால் என்ன செய்வது? கூட்டாளி ஒரு ஆர்ட்டின், எதிராளி இரண்டு கிளாவர். உங்களிடம் இஸ்பேட்டில் ஏஸ், 6, 3. ஆர்ட்டினில் 5 மட்டும். டைமனில் ராணி, 8, 4, 2. கிளாவரில் ராஜா, ஜாக்கி, 10, 9, 5. டபுள் சொன்னால் கூட்டாளி அதை வேறாகப் படித்து இஸ்பேட் கேட்டுவிடுவார். ஆகவே சலனமின்றிப் பாஸ் சொல்லுங்கள். அடுத்தவரும் பாஸ் சொன்னால் ஏலம் கூட்டாளியிடம் வரும். அவர் கையில் கிளாவர் ஒன்றோ இல்லாமலோ இருக்கும்போது, 'என் கூட்டாளி ஏன் பேசவில்லை? கிளாவர் எல்லாம் எங்கே?' என்று யோசிப்பது அவர் கடமை. அவர் டபுள் சொல்வார். நீங்கள் மறுபடி பாஸ். இப்போது எதிராளி இரண்டு கிளாவரை டபுளில் ஆட வேண்டும். இரண்டு பிடி குறைந்தால் உங்களுக்கு 300. எதிரணி வல்னரபிளாக, அதாவது தோற்றால் கூடுதல் அபராதம் கட்டும் நிலையில், இருந்தால் 500. கீழ் வகையில் நீங்கள் பகுதி ஒப்பந்தம் ஆடிச் சம்பாதிக்கக்கூடியதைவிட இது பல மடங்கு. இந்த ஏற்பாடு நிற்பது கூட்டாளியின் பொறுப்பில்தான். கிளாவர் இல்லாத கையுடன் அவர் சோம்பிப் பாஸ் சொல்லிவிட்டால் உங்கள் பொறுமை வீண். ஆகவே இந்தப் பாடத்தை இருவரும் சேர்ந்தே படிக்க வேண்டும்.

எதிராளி ஓவர்காலுக்குப் பதிலாக டபுள் சொல்லிக் குறுக்கிட்டால் பதில்கள் மாறும். பத்துப் புள்ளிக்கு மேல் இருந்தால் ரீடபுள், அதாவது அந்த டபுளையும் இரட்டிப்பாக்குவது, என்பது அதன் தொடக்கம். அது தனிப் பாடம்.

இப்போது நான்கு கைகள். கூட்டாளி ஒரு கிளாவர், எதிராளி ஒரு ஆர்ட்டின். கீழே படிக்கும் முன் ஒரு கட்டுச் சீட்டை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு உங்கள் பதிலைச் சொல்லிப் பாருங்கள்.

இஸ்பேட்டில் ஏஸ், ராணி, 8, 5. ஆர்ட்டினில் 7, 3. டைமனில் ராஜா, 10, 6, 4. கிளாவரில் 9, 5, 2. ஒன்பது புள்ளி, சரியாக நான்கு இஸ்பேட். டபுள்.

அதே கையில் டைமன் 4-ஐ எடுத்துவிட்டு இஸ்பேட் 4-ஐச் சேருங்கள். இப்போது ஐந்து இஸ்பேட். 'ஒரு இஸ்பேட்' என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு சின்னச் சீட்டு மாறியதில் பதில் மாறுகிறது. கூட்டாளி மூன்று இஸ்பேட்டுடனேயே உங்களை ஆதரிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இஸ்பேட்டில் ராணி, 5. ஆர்ட்டினில் ராஜா, 10, 8. டைமனில் ராணி, 10, 7, 4. கிளாவரில் ஜாக்கி, 6, 4, 2. எட்டுப் புள்ளி, ஆர்ட்டினில் தடுப்பு, இஸ்பேட் நான்கு இல்லை. 'ஒரு நோ டிரம்ப்'. நான்கு கிளாவர் இருப்பதால் 'இரண்டு கிளாவர்' சொல்லத் தோன்றும். தடுப்பு உங்கள் கையில் இருக்கும்போது நோ டிரம்பே அதிகம் சொல்கிறது.

இஸ்பேட்டில் 9, 7, 2. ஆர்ட்டினில் 8, 5, 3. டைமனில் ராஜா, ஜாக்கி, 6, 4. கிளாவரில் ராணி, 8, 5. ஆறு புள்ளி. ஓவர்கால் வராதிருந்தால் 'ஒரு டைமன்' சொல்லியிருப்பீர்கள். இப்போது நான்கு இஸ்பேட் இல்லை, தடுப்பு இல்லை, கூட்டாளியின் கிளாவருக்கு மூன்றே சீட்டு. பச்சை அட்டையை எடுத்து வையுங்கள். ஏலம் கூட்டாளியிடம் திரும்பப் போகும். அவர் மறுபடி பேசினால் கிளாவர் ராணியும் டைமன் ராஜாவும் அப்போது வேலைக்கு வரும்.